மீன்பாடி வண்டியில் என்ன மிஞ்சும்?

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி, மீன்பாடி வண்டியில் பழைய இரும்பு ஏற்றி மிதிப்பவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? வெறும் இரும்பென்றால் ஆகாது என்பேன். லேத் பட்டறைச் சுருள் வண்டியை அடைக்கும், எடை காட்டாது. கூலன்ட் ஈரத்துக்குக் காயலான் கடைக்காரர் கழிவும் பிடிப்பார். மோட்டார் காயில் கிடைத்தால் கதை வேறு. செம்பின் கிலோ விலை இரும்பைவிடப் பல மடங்கு. காந்தத்தில் ஒட்டாததில்தான் கூலியே இருக்கிறது. அதற்காக ஒயரைக் கொளுத்துவது மடத்தனம். பிவிசி புகை நெஞ்சுக்குள், கருகிய செம்புக்கு விலையும் குறைச்சல். கத்தியால் உரிக்கலாமே! வரி விஷயமும் உண்டு: 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரிடம் வாங்கும் உலோகக் கழிவுக்குப் பதிவுபெற்ற வியாபாரியே 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும். பிறகு அவர் அதை வரவு வைத்துக்கொள்ளலாம்தான். ஆனாலும் அந்த 18 சதவீதத்தைக் காட்டியே மிதிப்பவரின் விலையை அடிப்பார் என்பது என் சந்தேகம்.