சிப்பிக் குவியலுக்குக் காட்சிக்கூடம், நம் அடுப்புக்குப் புல்டோசர்!

தண்ணீர்மலையில் தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டுச் சமைத்த இடத்தை மறுநாள் போய்ப் பாருங்கள். கொஞ்சம் கரி, கொஞ்சம் சாம்பல். துப்புரவு லாரி வந்தால் அதுவும் இல்லை. அடுப்பின் சுவடு அவ்வளவு சீக்கிரம் அழிந்துவிடும். ஆனால் இதே பினாங்கு மாநிலத்தில், கடலைத் தாண்டி கப்பளா பத்தாஸ் பக்கம் போனால், 5,000 ஆண்டுக்கு முன் சமைத்துத் தின்றவர்கள் போட்ட குப்பை இன்னும் இருக்கிறது. ஊர் பெயர் குவார் கெப்பா. கெப்பா என்றாலே மலாய் மொழியில் ஒருவகைச் சிப்பி.

அந்த மக்கள் சிப்பியைப் பொறுக்கிச் சமைத்துத் தின்று, ஓட்டை ஒரே இடத்தில் கொட்டி வந்தார்கள். அது மேடானது. செத்தவர்களையும் அதிலேயே புதைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்த மேடுகளை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டார்கள். குப்பைதானே! 1934-இல் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் தோண்டினார். எலும்புகள் ஹாலந்தின் லைடன் நகருக்குக் கப்பலேறின. 2017-இல் அங்கே காட்சிக்கூட வேலை நடந்தபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்தார்கள்.

அவள் தமிழச்சி என்று நாம் சொல்லவில்லை. எதைத் தோண்டினாலும் தமிழன் என்று சொல்லும் ஆசை நம்மில் சிலருக்கு உண்டு. அது நம் கோரிக்கையைத்தான் கெடுக்கும். நம் கேள்வி வேறு. அங்கே அரசன் இல்லை, கோட்டை இல்லை, கல்வெட்டு இல்லை. சாதாரண மக்கள் தின்று போட்ட ஓடு. அதற்கு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள், நம் பாட்டி ஊதி ஊதி எரித்த லயத்து அடுப்புக்கு என்ன மதிப்புக் கொடுத்தார்கள்?

செபராங் பிறையில் 1840-களிலிருந்து கரும்புத் தோட்டங்கள். வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். நிபோங் திபாலில் கலிடோனியா தோட்டத்துத் துரையின் 99 கதவு மாளிகை பாழடைந்தும் நிற்கிறது. பேய் வீடு என்று படம் எடுக்க ஆள் வருகிறது. துரைக்குக் கரும்பு வெட்டியவனின் லயம் எங்கே? பத்து காவானில் கரும்பு விளைந்த மண்ணில் இன்று தொழிற்சாலைகள்.

குவார் கெப்பாவைத் தோண்டியவர்கள் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார். அவர்களின் வளாகம் குளுகோரில். கம்போங் புவா பாலாவும் குளுகோர்தான்! தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் கிராமம். நிலத்தை விற்க முடிவெடுத்தது பழைய ஆட்சி. 2009-இல் வீடுகள் தரைமட்டமானது புதிய ஆட்சியில். மாறி மாறி ஓட்டுப் போட்டது நாம். மாடி வீடு தருகிறோம் என்றார்கள், உண்மைதான். ஆனால் மாட்டுக் கொட்டகையும் கொல்லை அடுப்பும் மண்ணுக்குள் போயின. வழக்கு நிலத்தைப் பற்றியது. அடுப்பைப் பற்றிப் பேச அங்கே இடமில்லை.

'பழமை வாய்ந்தது என்றால் காப்பாற்றியிருப்பார்கள்' என்பவர்களுக்கு: பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான சண்டி 11 கோயில் அடித்தளத்தை 2013-இல் வீட்டுமனைக்காக இடித்தது தெரியவந்தது. தனியார் நிலம், அரசிதழில் பதிவாகவில்லை என்றார்கள். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கையில் இருந்தபோதே இது நடந்தது! ஆக, வயது காப்பாற்றுவதில்லை. பதிவுதான் காப்பாற்றுகிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். எந்தத் தோட்டத்தின் லயத்தையும் இடிக்கும் முன் அதை அளந்து, படம் எடுத்து, அங்கே பிறந்து வளர்ந்த முதியவர்களின் வாய்மொழியை எழுதி வைக்க வேண்டும். செலவு மேம்பாட்டு நிறுவனத்துடையது; அனுமதியோடு சேர்த்து நிபந்தனையாகப் போடட்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் தோட்டத்தில் லயம் இன்னும் நிற்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அடுப்பு எந்த மூலையில் இருந்தது, அம்மி எங்கே கிடந்தது, தண்ணீர்க் குழாயில் யார் முதலில் நிற்பார்கள் என்று அம்மாவைச் சொல்லச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், வருடம் மூன்றையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.