அப்பளம் என்ன பாவம் செஞ்சுச்சு?

ஆவணியில வீட்டுல ஒரு கல்யாணம். பத்திரிகை கொடுக்கச் சென்னைக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் வீட்டுல ராத்தங்கல். அன்னிக்குச் சாயங்காலம் அவன் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் குடும்பத்தோட வந்திருந்தாங்க. கூடத்து மேஜையில ஒரு மரப்பலகை. அதுல வட்டமாவும் சதுரமாவும், காகிதம் கணக்கா மெல்லிசா பிஸ்கட்டு அடுக்கியிருந்துச்சு. நடுவுல ஒரு கிண்ணத்துல சீஸ், பக்கத்துல நாலு திராட்சை.

"கிராக்கர் சித்தப்பா, எடுத்துக்குங்க"ன்னான். எடுத்தேன். நொறுங்குச்சு. உப்பு தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தெரியல.

தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போனேன். அலமாரி மேல்தட்டுல ஒரு எவர்சில்வர் தூக்கு. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, சித்திரையில எங்க அண்ணி கூழ்வடகம் போட்டு அனுப்பின தூக்கு அது. மூடிக்கு மேல அவங்க கட்டிவிட்ட துணி அப்படியே இருக்கு. நாலு மாசமா யாரும் அவிழ்க்கல.

அந்த வடகம் எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, பெரிய அண்டாவுல அரிசிக் கூழ் கிண்டி, வெயில் ஏறுறதுக்குள்ள மாடிக்குத் தூக்கிட்டுப் போய், ஈர வேட்டி விரிச்சு ஒவ்வொரு கரண்டியா ஊத்தினாங்க. ரெண்டு நாள் காக்காய்க்குக் காவல். வயசு அறுபத்தஞ்சு. முழங்கால் வலி வேற. அன்னிக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரல. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கிராக்கர் சாப்பிடாதீங்கன்னு சொல்ல நான் வரல. எதைச் சாப்பிடணும்னு உங்களுக்குச் சொல்ல நான் யாரு? என் சண்டை வேற. சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்க அப்பளம் வேணும். ஆனா நாலு பேர் வீட்டுக்கு வந்தா அதே அப்பளம் உள்ள ஒளிஞ்சுக்கணும். விருந்தாளி முன்னால வைக்க மைதாவுல செஞ்ச மெல்லிசு பிஸ்கட்டுதான் கௌரவம். இந்தக் கணக்கை யார் போட்டாங்க?

அந்தப் பாக்கெட்டை எடுத்துப் படிச்சேன். முன்பக்கம் கோதுமைக் கதிர் படம், 'பல தானியம்'னு கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்துல சேர்மானம். எது எடையில அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்கிறது நம்ம நாட்டுச் சட்டம். முதல் பேர் மைதா. அடுத்தது பாமாயில். பல தானியமெல்லாம் கடைசி வரிசையில கூட்டத்தோட நிக்குது. 100 கிராம் 140 ரூபாய். அதாவது கிலோ 1,400.

இப்ப எங்க கணக்கைக் கேளுங்க. அப்பளத்துக்கு உயிர் உளுந்து. எங்க டெல்டாவுல சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிக்கிற நெல்லுக்குள்ள உளுந்தைத் தெளிப்போம். அப்புறம் அதுக்குத் தனியா தண்ணி கிடையாது. மண்ணுல மிச்சம் இருக்கிற ஈரமும் தைமாசப் பனியுந்தான். அரிவாளால அறுத்த காலத்துல முளை அடியில பத்திரமா இருந்துச்சு. இப்ப ஆள் கிடைக்காம மெஷின் இறக்குறோம். அதோட சக்கரத்தடத்துல முளையெல்லாம் நசுங்கிப் போகுது. பல பேர் உளுந்தே வேணாம்னு வயலைச் சும்மா போட்டுட்டாங்க. 2024-25ல மத்திய அரசு உளுந்துக்கு அறிவிச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய். கிலோ 74. நாட்டுக்குப் பத்தாத உளுந்து மியான்மர்ல இருந்து கப்பல்ல வருது.

விளைபொருளையும் பாக்கெட் பண்டத்தையும் ஒப்பிடுறது நியாயமான்னு கேப்பீங்க. சரி, அப்பளத்தையே எடுத்துக்குவோம். அதே கடையில நல்ல உளுந்து அப்பளம் 200 கிராம் 80 ரூபாய்க்கு இருந்துச்சு. அதுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

"எண்ணெய் சித்தப்பா, உடம்புக்கு ஆகாது"ன்னான் பையன். மைதாவுக்குள்ள பாமாயிலை ஊத்திப் பிசைஞ்சு சுட்டா அது எண்ணெய் இல்லையா? சரி, எண்ணெய் வேணாம்னா தணல்ல சுடுங்க. இடுக்கியில பிடிச்சு கேஸ் அடுப்புல திருப்பித் திருப்பிக் காட்டுங்க. மைக்ரோவேவ்ல அரை நிமிஷம், முக்கால் நிமிஷத்துல பொரிஞ்சுடும். சொட்டு எண்ணெய் வேணாம். ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், அப்பளத்துல உப்பு ஜாஸ்தி. ரத்தக் கொதிப்புக்காரங்க ஒண்ணோட நிறுத்திக்குங்க. ஆனா அந்தக் கிராக்கர்லயும் உப்பு இருக்கு, அதை யாரும் எண்ணிச் சாப்பிடல.

"நமுத்துப் போயிடும் மாமா"ன்னுச்சு மருமகப் பொண்ணு. அது நியாயமான பேச்சு. பொரிச்சு ஒரு மணி நேரம் திறந்து வெச்சா நமுக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் வந்தவங்க உக்காந்த பிறகு பொரிக்கணும். அஞ்சு நிமிஷ வேலை. இல்லேன்னா ஆறவிட்டு, காத்துப் புகாத டப்பாவுல போட்டு மூடி வைங்க.

"அது மேல எதையும் வைக்க முடியாது"ன்னாரு வந்திருந்த நண்பர். இதுக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சேலத்துல தெருவுக்குத் தெரு தட்டுவடை செட் விக்கிறாங்களே, அது என்ன? தட்டையை அடியில வெச்சு, சட்னி தடவி, துருவின பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் போட்டு, மேல இன்னொரு தட்டையை வெச்சு மூடி ஒரே வாய். நீங்க மரப்பலகையில வெச்சு அழகு பார்க்கிறதைச் சேலத்துக்காரங்க தள்ளுவண்டியில செஞ்சு கொடுத்துடறாங்க.

ஆகவே ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு. அள்ளிச் சாப்பிடத் தட்டை. கெட்டித் தயிர்ப் பச்சடி, சுட்ட கத்திரிக்காய் மசியல் எதையும் தாங்கும். தொட்டுக்கிட்டுக் கடிக்கக் கூழ்வடகம், கூடவே பிரண்டைத் துவையல் வைங்க. சின்ன அப்பளத்து மேல வெங்காயம், தக்காளி, மல்லித்தழை பொடியா நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழியலாம். ஆனா கையில கொடுக்கிற நிமிஷத்துலதான் பிழியணும். அப்பளத்துலயே உப்பு இருக்கு, மேல உப்புப் போடாதீங்க.

வாங்குறதுலயும் கண்ணு வேணும். அப்பளம்னு எழுதினதெல்லாம் அப்பளம் இல்ல. மைதாவும் அரிசி மாவும் கலந்து வெளுப்பா விக்கிறாங்க. பின்பக்கம் படிங்க, உளுந்து மாவு முதல்ல இருக்கணும். பிரண்டைச் சாறு விட்டுப் பிசைஞ்சது கிடைச்சா விடாதீங்க. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போறவங்க வெறுங்கையோட திரும்பாதீங்க. பொரிக்கிறதுக்கு முன்னால அரை மணி நேரம் வெயில்ல காய வைங்க. எண்ணெய் காய்ஞ்சுதான்னு பார்க்க ஒரு துணுக்கைக் கிள்ளிப் போடுங்க. போட்ட உடனே மேல எழும்பி விரிஞ்சா சரி.

1959ல மும்பையில ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில அப்பளம் இட ஆரம்பிச்சாங்க. அதுதான் லிஜ்ஜத். இன்னிக்குப் பல்லாயிரம் பெண்களுக்கு அது சோறு போடுது. எங்க தெருவுல மட்டும் அஞ்சு வீட்டுல வடகமும் அப்பளமும் இடுற கை இருக்கு. அந்தக் கைக்கு இல்லாதது வாங்குற ஆள் ஒண்ணுதான். நீங்க மாசம் ரெண்டு பாக்கெட் மாத்தி வாங்கினா எங்க உளுந்து வயல் பச்சையாயிடும்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா விருந்தாளி முன்னால வைக்க வெக்கப்படுற பண்டத்தை அடுத்த தலைமுறையில யாரும் செய்யமாட்டாங்க. செய்யறவங்க இல்லேன்னா விளைவிக்கிறவனும் இருக்கமாட்டான்.

மறுநாள் காலையில ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னால, நானே அந்தத் துணியை அவிழ்த்து ஒரு சட்டி வடகம் பொரிச்சு வெச்சேன். பையன் ஒண்ணு எடுத்துக் கடிச்சான். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "அம்மா இதுல ஓமம் போட்டிருக்காங்க"ன்னான். அப்புறம் போனை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போனான்.

உங்க வீட்டு மேல்தட்டுலயும் ஒரு தூக்கு இருக்கும். போய்ப் பாருங்க.