தாய்ப்பால் மோதிரம் - தேறுமா தேறாதா?

மக்களே, ஒரு பஞ்சாயத்து. நெட்டப்பாக்கத்துல எங்க பங்காளி வீட்டுப் பொண்ணு ஒண்ணு, தாய்ப்பால்ல நகை செஞ்சு விக்கப் போறேன்னு கிளம்பியிருக்கு. வீட்டுப் பெருசுங்க "ஐயய்யே, கருமம்"னு முகம் சுளிக்குதுங்க. "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க"ன்னு என்கிட்ட வந்துச்சு.

விஷயம் இதான். கொஞ்சம் தாய்ப்பாலைப் பக்குவம் பண்ணி, காய வெச்சுப் பொடியாக்கி, ரெசின்ல கலந்து அச்சுல ஊத்தினா முத்து மாதிரி வெள்ளைக்கல் வரும். அதை மோதிரத்துலயோ டாலர்லயோ பதிச்சுக் கொடுக்கறாங்க. லண்டன்ல மெஜந்தா ஃப்ளவர்ஸ்னு ஒரு கம்பெனி இதுல 4,000 ஆர்டருக்கு மேல முடிச்சதா செய்தி வந்துச்சு. சென்னையிலயும் செய்யறவங்க இருக்காங்க.

அருவருப்புங்கற கட்சியை நான் ஒத்துக்க மாட்டேன். காஞ்சு விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்துல அடைச்சு அரைஞாண்ல கட்டின சனம்தானே நாம? (அதுல ஸ்டெம்செல் இருக்குன்னு வர்ற வாட்ஸப் கதையை விடுங்க. காஞ்ச கொடியில உயிரோட செல் எதுவும் இருக்காது.) புலிநகத்தைத் தங்கத்துல கட்டிப் போட்டுக்கிட்டவங்களும் நாமதான், 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகும்கூட. புள்ளைக்குக் கொடுத்த பால் மட்டும் எப்படிங்க அசிங்கமாச்சு?

என் கவலை வேற. நம்ம பக்கம் நகைன்னா அழகு அப்புறம்தான், முதல்ல அது அவசரத்துக்கு அடகு. நடவுக்குப் பணம் வேணும்னா கம்மல் கழண்டு கூட்டுறவு சங்கத்துக்குப் போயிடும். ரெசின் கல்லுக்கு அங்க காலணா மதிப்பு கிடையாது. வெயில் பட்டா நாளாக நாளாக மஞ்சளாவும் ஆயிடும். அதனால இதை நகைன்னு சொல்லி விக்காதே, ஞாபகப்பொருள்னு சொல்லி வித்துக்கோன்னு சொன்னேன். தங்கத்துல பதிச்சா தங்கத்துக்குத் தனி பில் போடு, ஹால்மார்க் இருக்கணும்.

அடுத்தது நம்பிக்கை. தங்கத்தை உரசிப் பாக்கலாம். 2023 ஏப்ரல்லேர்ந்து கடையில விக்கற ஹால்மார்க் நகையில ஆறு இலக்க எண் கட்டாயம். ரெசினுக்குள்ள இருக்கறது அவ பாலா, கடையில வாங்கின பால்பவுடரான்னு எந்த உரைகல் சொல்லும்? வாங்கறவங்கள்ல புள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் இருப்பாங்க. அவங்களுக்கு மிச்சமிருக்கற ஒரே அடையாளம் அந்தக் கல்லுதான். அங்க ஒரு துளி ஏமாத்தினாலும் அது திருட்டு இல்ல, துரோகம்.

அதனால நான் போட்ட கண்டிஷன்: ஒவ்வொருத்தர் பாலையும் தனித்தனி டப்பாவுல பேர் எழுதி வை. பொடியை ரெசின்ல கலக்கறப்ப அந்தம்மாவை எதிர்ல உக்கார வை. வர முடியாதவங்களுக்கு வீடியோ கால். மிச்சப் பொடியைத் திருப்பிக் கொடுத்துடு. குழந்தை குடிச்சது போக மிஞ்சினதை மட்டும் கேளு, அதுவும் சில ஸ்பூன் போதும். நிறைய மிஞ்சுதுன்னு சொல்றவங்களை ஜிப்மர் தாய்ப்பால் வங்கிக்கு அனுப்பு, குறைமாசக் குழந்தைங்களுக்கு ஆகும். தாய்ப்பாலை விக்கக்கூடாதுன்னு 2024 மே மாசமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு. அவங்கவங்க பாலை அவங்களுக்கே கல்லாக்கித் தர்றது வேற கணக்கு, ஆனா அந்தக் கோட்டைத் தாண்டாதே.

"இவ்ளோ பண்ணா லாபம் எங்கண்ணே நிக்கும்?"னு கேட்டுச்சு. கூலியைக் கூட்டி வாங்கும்மான்னேன். யோசிச்சுச் சொல்றேன்னு போயிருக்கு.

டிஸ்கி: முதல் மொட்டையில எடுத்த முடியை வெச்சும் டாலர் பண்ணலாமாம். எனக்கு வேணாம்பா, ஏற்கனவே தலையில கொஞ்சம்தான் இருக்கு :)