மூல மடலைத் தூக்கி எறியாதீர்கள்

தமிழ்க் கணிமையின் வரலாற்றில் கணிசமான பகுதி மடலாடற்குழுக்களில்தான் எழுதப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் திஸ்கி எழுத்துக் குறியீட்டை உருவாக்கிய விவாதங்கள் மின்னஞ்சல் வழியாகவே நடந்தன. மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் போன்றோர் அவற்றில் பங்கேற்றனர். பிற்காலத்தில் பள்ளி முன்னாள் மாணவர்களும் இலக்கிய வட்டங்களும் இதே வழியில் பேசிக்கொண்டன. அத்தகைய குழுவின் காப்பகத்தை இன்று திறக்கும்போது, மடலுக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றால் என்ன செய்வது?

பழைய மென்பொருள் அப்படித்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காப்பகம் மடலை எப்படிக் கையாண்டது என்று தெரிந்தால், மீட்கக்கூடியது எது என்பதும் தெரியும்.

தொடக்கத்தில் மின்னஞ்சல் என்பது ஆஸ்கியின் 128 குறிகளுக்குள் அடங்கிய வெறும் எழுத்து. 1992இல் நத்தானியல் போரென்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் வகுத்த 'மைம்' தரம் இதை மாற்றியது. அதன்படி ஒரு மடல், அடுக்கு டிபன் கேரியர் போல, பல பகுதிகளைச் சுமக்கலாம். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் அதன் வகை, எழுத்துக் குறியீடு, அனுப்புவதற்காக மாற்றிய முறை ஆகியவை குறிக்கப்படும். ஒரே செய்தி வெற்று எழுத்தாகவும் எச்டிஎம்எல்லாகவும் இரண்டு அடுக்குகளில் வருவதும் உண்டு.

மெயில்மேன் 2 மென்பொருளின் காப்பகப் பகுதி, இந்த அடுக்குகளைப் பிரித்து ஒரே எழுத்துப் பக்கமாக்குகிறது. படங்களையும் எச்டிஎம்எல்லையும் தனிக் கோப்புகளாக ஒதுக்கி, "இணைப்பு அகற்றப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் சுட்டியும் வைக்கிறது. பாதுகாப்பு நோக்கில் இது நியாயமே. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. பல எழுத்துப் பகுதிகளை ஒன்றாக்கும்போது முதல் பகுதியின் குறியீட்டையே முழுப் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்கிறது. முதல் பகுதி ஆஸ்கியாக இருந்து, அடுத்ததில் தமிழ் இருந்தால், இடமில்லாத ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிறது.

ஆகவே, பழுது பார்ப்பவர் முதலில் அறிகுறியைப் பார்க்க வேண்டும். இடைவெளியில்லாத ஆங்கில எழுத்தும் எண்ணுமாகத் தெரிந்தால், குறிமாற்றம் அவிழ்க்கப்படவில்லை. அவிழ்த்தால் மடல் கிடைத்துவிடும். கோடும் புள்ளியும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால், ஒருங்குறியையோ திஸ்கியையோ தவறான குறியீட்டில் காட்டுகிறார்கள். இதையும் பெரும்பாலும் மீட்கலாம். இணைப்பின் சுட்டி திறக்காவிட்டால், தளத்தின் முகவரி மாறியிருக்கலாம். கோப்பு வழங்கியில் பத்திரமாக இருக்கக்கூடும். ஆனால் கேள்விக்குறி வேறு. 'க'வும் 'ங'வும் ஒரே குறியான பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வர வழியே இல்லை.

அப்போது கைகொடுப்பது மூல மடல் மட்டுமே. மெயில்மேன் 2 தன் இயல்பான அமைப்பில், வந்த மடல்களை ஒரு தனிக் கோப்பில் சேர்த்தே வைக்கிறது. அதிலிருந்து காப்பகத்தை மறுபடியும் கட்டலாம். தளத்தை வேறு வழங்கிக்கு மாற்றும்போது இணையப் பக்கங்களை மட்டும் நகலெடுத்து, இந்தக் கோப்பை விட்டுவிட்டால்தான் இழப்பு நிரந்தரமாகிறது.

மூல மடல்களில் பலருடைய மின்னஞ்சல் முகவரிகள் இருக்கும், அவற்றை வைத்திருப்பது ஆபத்து என்று சிலர் சொல்லலாம். கவலை நியாயமானது, தீர்வு அழிப்பதல்ல, பூட்டி வைப்பது. பொதுமக்கள் பார்ப்பது சுத்தப்படுத்திய பிரதியாக இருக்கட்டும். மூலம் நிர்வாகியிடம் பத்திரமாக இருக்கட்டும். எழுத்து மடல்கள் பிடிக்கும் இடமும் மிகக் குறைவு.

குழு நடத்துபவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். ஆங்கிலமும் தமிழும் கலந்து, ஒரு படமும் சேர்த்து, எச்டிஎம்எல் வடிவில் ஒரு சோதனை மடலைத் தங்கள் குழுவுக்கே அனுப்பட்டும். காப்பகத்தில் அது எப்படித் தெரிகிறது, அதன் மூலம் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் பார்க்கட்டும். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், அந்தக் குழுவிடம் இருப்பது காப்பகம் அல்ல, வெறும் காட்சிப் பலகை.