தட்டிக் கேட்பதன் விலை

மிதிவண்டியில் செல்பவனை உரசுவதுபோல் கடந்த கார் அடுத்த சிக்னலில் நிற்கிறது. மூச்சிரைக்க எட்டிப் பிடித்த மிதிவண்டிக்காரன் அதன் கண்ணாடியைத் தட்டுகிறான். ‘தட்டிக் கேட்டல்’ என்னும் நம் மரபுத்தொடர் இங்கே சொல்லுக்குச் சொல் நிகழ்ந்துவிடுகிறது. தட்டிக் கேட்பவனை வீரனென்றும் கேளாதவனைக் கோழையென்றும் வகைபிரிக்க நம் திரைப்படங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. நண்பர்கள் சிலர் இதை ஒரு குடிமை அறமாகவே பரிந்துரைக்கிறார்கள். அந்த அறவுரையை நாம் மறுக்கிறோம். அதற்கான விலையைக் கொடுக்கப்போகிறவர் வேறொருவர் என்பதே காரணம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவைப் புரட்டுவோம். மனித உயிருக்கு ஆபத்து நேரும்படி பொதுச்சாலையில் வண்டி ஓட்டுபவனுக்கு 281ஆம் பிரிவு விதிப்பது, அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 1000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அவனது காரை மறித்து நின்றால் 126ஆம் பிரிவு. ஒரு மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம். ஓர் அறை விட்டால் 115ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை. ஆத்திரத்தில் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்து, சேதத்தின் மதிப்பு 20,000 ரூபாயை எட்டிவிட்டால் 324ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. விலையுயர்ந்த காராயின் ஒரு கண்ணாடியே அத்தொகையைத் தாண்டக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவைச் சேர்த்துக்கொண்டாலும், அபாயகரமாக ஓட்டிய முதல் குற்றத்துக்கு ஓராண்டுக்கு மேல் சிறையில்லை. உயிரைவிடக் கண்ணாடிக்கு மதிப்பதிகம் என்று எந்தச் சட்ட நூலும் எழுதிவைக்கவில்லை. கூட்டிப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

தண்டனைக் கணக்கைவிடக் கொடியது சாட்சியத்தின் கணக்கு. மயிரிழையில் விலகிப்போன கார் எந்தத் தடயத்தையும் விட்டுச்செல்வதில்லை. உடைந்த கண்ணாடி கையில் எடுத்துக் காட்டத்தக்கது. சிக்னலில் நடக்கும் வாய்ச்சண்டையைச் சுற்றி நிற்பவர்கள் கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். அரைக் கிலோமீட்டருக்கு முன்னால் நடந்ததற்கு அவன் ஒருவனே சாட்சி. தற்காப்புரிமையும் அவனுக்குக் கைகொடுக்காது. ஆபத்து நீங்கியதும் அவ்வுரிமை முடிந்துவிடுகிறது. அதிகாரிகளிடம் பாதுகாப்புத் தேட அவகாசமிருக்கும்போதும் அது எழுவதில்லை. பாதிக்கப்பட்டவனாகப் பெடலை மிதிக்கத் தொடங்கியவன், காரை எட்டும்போது தாக்க வந்தவனாகிவிடுகிறான்.

இந்தத் தலைகீழ் மாற்றம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2009 ஆகஸ்ட் 31 இரவு டொரண்டோவில் மிதிவண்டிக்காரர் ஒருவருக்கும் ஒன்டாரியோவின் முன்னாள் சட்டத்துறைத் தலைவர் மைக்கேல் பிரையன்ட்டுக்கும் சாலையில் மோதல் மூண்டது. நகர்ந்த காரைப் பற்றிக்கொண்ட மிதிவண்டிக்காரர் வீசியெறியப்பட்டு இறந்தார். பிரையன்ட் மீதான குற்றச்சாட்டுகள் 2010 மே மாதம் திரும்பப் பெறப்பட்டன. இறந்தவர் முன்பு வேறு வாகன ஓட்டிகளோடு சண்டையிட்ட நிகழ்வுகளை அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் எடுத்துரைத்தது. அம்முடிவு சரியா தவறா என்பது இங்கே நம் வாதமன்று. சண்டை என்று ஒன்று நிகழ்ந்தபின், மிதிவண்டிக்காரனின் சுபாவமும் விசாரணைக்கு உட்படுகிறது என்பதைத்தான் சுட்டுகிறோம்.

நம் ஊரில் மிதிவண்டியில் செல்பவர் யார்? கட்டட வேலைக்குப் போகிறவர், பால் ஊற்றுகிறவர், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்லும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. காருக்குரியவருக்கு வழக்கறிஞர் இருப்பார். இவருக்கோ ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் கூலி. நிலுவையிலுள்ள குற்றவழக்கு, கடவுச்சீட்டையும் காவலர் பணிக்கான தேர்வையும் மறித்து நிற்கும். இவரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது கொடுமை.

அப்படியானால் வாய்மூடிச் செல்வதா? இல்லை. வண்டி எண்ணையும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுக்கலாம், சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கலாம். 281ஆம் பிரிவுக்கு யாரும் அடிபட்டிருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆயினும் ‘அடி ஒன்றும் படவில்லையே, பிறகென்ன?’ என்ற கேள்வியோடு திருப்பி அனுப்பப்படுவோம் என்ற அச்சமே மக்களைக் காவல் நிலையத்திலிருந்து விலக்கி, சிக்னலில் சண்டைக்கு நிறுத்துகிறது.

பெரியபுராணம் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையில் கன்றை இழந்த பசு தேரை மறிக்கவில்லை. ஆராய்ச்சி மணியை அடித்தது. பசுவின் பொறுமையை மட்டும் நாம் பாடம் நடத்துகிறோம். மணி பசுவுக்கும் எட்டும் உயரத்தில் தொங்கியது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். மிதிவண்டிக்காரனிடம் நிதானத்தைக் கோரும் அரசு, அடிபடாதவன் தரும் புகாரையும் பதிவுசெய்து விசாரிக்கட்டும். அதுவரை, தட்டிக் கேள் என்று அவனைத் தூண்டிவிடுகிறவர்கள் வாய்தாவுக்கும் அவனுடன் வரத் தயாராக இருக்க வேண்டும்.