மாளிகைகள் தப்பும், சந்துகள் தப்புமா?

கொல்கத்தாவில் ஒரு பழைய வீட்டை இடிக்க ஆரம்பித்தால் முதலில் கழற்றுவது சன்னல்களைத்தான். பச்சை வண்ணம் அடித்த, சாய்பலகை வைத்த தேக்குச் சன்னல்கள். அப்புறம் வராந்தாவின் வார்ப்பிரும்புக் கிராதி. அதை எடை போட்டு வாங்கிப் போக ஆள் காத்திருப்பார். பிறகு கூரையைப் பிரித்து, இரும்பு உத்தரங்களையும் அவற்றின் மேல் நெருக்கமாக அடுக்கிய மரச்சட்டங்களையும் இறக்குவார்கள். கொரி-பொர்கா கூரை என்று இங்கே பெயர். நம்மூர் மெட்ராஸ் தளத்துக்கு உறவுமுறை. செங்கல் கடைசியில்தான் போகும், ராத்திரி லாரியில். எங்கள் லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்துகளில் பார்த்துப் பார்த்து இந்த வரிசை எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

நான் இந்த ஊரில் பிறந்தவள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த அப்பா, லேக் மார்க்கெட்டில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்குப் பிடித்தார். இங்கேயே படித்து, இங்கேயே பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். பழைய கொல்கத்தாவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மாளிகைகளைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. பெரிய மனிதர் பிறந்த வீடு, ஜமீன்தார் கட்டிய அரண்மனை என்றால் சட்டம் எட்டிப் பார்க்கும். அந்த வீடு நிற்கும் பாராவை, அதாவது அக்கம்பக்கத்து வீடுகளும் சந்துகளும் திண்ணைகளும் சேர்ந்த பேட்டையை, எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை. இந்த ஊரை இந்த ஊராக வைத்திருப்பது அந்தப் பாராதான். காப்பாற்றுவதென்றால் அதை முழுசாகக் காப்பாற்ற வேண்டும்.

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் விக்டோரியா மண்டபம், காளிகாட், தட்சிணேசுவரம், பேலூர் என்று பட்டியலோடு வருவார்கள். எல்லாம் பார்க்க வேண்டியவையே. அவற்றோடு ஒரு காலைப் பொழுதை நான் பிடிவாதமாகச் சேர்த்துவிடுவேன். காளிகாட் மெட்ரோவில் ஏறி ஷியாம்பஜாரில் இறங்கி, ஐந்து சாலைகள் கூடும் முக்கில் குதிரை மேல் இருக்கும் நேதாஜியைத் தாண்டி, பாக்பஜார் வழியாகக் கங்கைக் கரை வரை நடக்க வேண்டும். போன குளிர்காலத்தில் அப்படி அழைத்துப் போன அண்ணன் மகன் பாதி வழியில் கேட்டான்: “அத்தை, இதுல பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் வீடுதானே?” ஆமாம், எல்லாம் வீடுதான். அதைக் காட்டத்தான் கூட்டிப் போனேன்.

பாக்பஜாரில் ஒரு மைல் சுற்றளவுக்குள் எத்தனை நடந்திருக்கிறது என்று பாருங்கள். 1897 மே 1-ஆம் தேதி விவேகானந்தர் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கியது பலராம் போஸின் வீட்டில். சாரதா தேவியார் 1909 முதல் தங்கிய ‘மாயேர் பாரி’ (அன்னையின் வீடு) கொஞ்ச தூரத்தில். வங்கப் பிரிவினை அமலுக்கு வந்த 1905 அக்டோபர் 16 அன்று, ஊரெல்லாம் ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்டிய பிறகு, ஜனங்கள் திரண்டு கூடியது பசுபதி பாசுவின் வீட்டு முற்றத்தில். ரசகுல்லாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நவீன் சந்திர தாஸும் இந்தப் பேட்டைக்காரர்தான். கொஞ்சம் தெற்கே போனால் களிமண் வாடையோடு, சாமி சிலை செய்கிறவர்களின் குமார்துலி வந்துவிடும்.

போஸ்பாரா லேனுக்குள் நுழைந்ததும் என் நடை தன்னால் தளரும். விவேகானந்தரின் சீடர் நிவேதிதை குடியிருந்து, 1898-இல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய சந்து இது. அடுத்த வருஷம் பிளேக் பரவியபோது அந்த ஐரிஷ் பெண்மணி விளக்குமாற்றைத் தானே கையில் எடுத்துக்கொண்டு இந்தப் பேட்டைச் சந்துகளைப் பெருக்க இறங்கினார். கல்கத்தாவுக்கு வந்த நம் பாரதி அவரைச் சந்தித்துத் திரும்பி, ‘ஸ்வதேச கீதங்கள்’, ‘ஜன்ம பூமி’ இரண்டையும் அவருக்கே சமர்ப்பித்தார். பாரதியைப் படித்த எவரும் ஒரு தடவை இந்தச் சந்தில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். நிவேதிதையின் வீட்டை அரசு வாங்கிச் சாரதா மிஷனிடம் ஒப்படைத்தது. அவர்கள் அதைச் செப்பனிட்டு நினைவகமாக வைத்திருக்கிறார்கள். உள்முற்றம், குறுகலான மாடிப்படி, தாழ்ந்த வாசல் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. வேலையை மனசு வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அங்கிருந்து கிரீஷ் அவென்யூவுக்கு வந்தால் வேறொரு காட்சி. வங்க நாடக மேடையின் தந்தை கிரீஷ் சந்திர கோஷின் வீடு நடுச்சாலையில் தனியாக நிற்கிறது. சாலை இரண்டாகப் பிரிந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் சேருகிறது. வீட்டை விட்டுவைத்தார்களே என்று பலர் பாராட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. வாசலில் இறங்கினால் பக்கத்து வீட்டுத் திண்ணை இருக்க வேண்டாமா? எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் குரல் கொடுக்க வேண்டாமா? பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு நாடகக்காரரின் வீட்டை நிறுத்திவைத்துவிட்டு, அவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வீடுகூட மிஞ்சாத கதையும் உண்டு. அதில் நமக்கு நேர்ப் பங்கு இருக்கிறது. 1907-இல் நிதித்துறை அதிகாரியாக இந்த ஊருக்கு வந்த இளைஞர் சி.வி. ராமன், பௌபஜாரை ஒட்டிய ஸ்காட்ஸ் லேனில் குடியிருந்தார். டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். ராமன் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கேயே பழியாய்க் கிடந்து வேலை செய்தார். 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி, நாடு இன்று அறிவியல் நாளாகக் கொண்டாடும் ராமன் விளைவுக் கண்டுபிடிப்பு அந்தக் கட்டடத்தில்தான் நடந்தது. இன்று அந்த எண்ணில் இருப்பது ஒரு வணிகவியல் கல்லூரி. கழகம் ஜாதவ்பூருக்குப் போயிற்று, பழைய கட்டடம் இடிந்து போயிற்று. ஆசியாவுக்கே முதல் அறிவியல் நோபல் விளைந்த கூடம் அது. அதைக் கட்டிக் காக்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதே பௌபஜாருக்கு 2019 ஆகஸ்டு 31 அன்று அடுத்த அடி விழுந்தது. கிழக்கு-மேற்கு மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டிய இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் போய் இடித்தது. தண்ணீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் இறங்க, மேலே துர்கா பிதுரி லேன், ஸ்யாக்ரா பாரா லேன் வீடுகளில் சுவர் பிளந்தது. சில வீடுகள் சரிந்தன, பல வீடுகளை இடித்தார்கள். உடுத்திய துணியோடு வெளியேறியவர்களை ஓட்டல்களில் தங்க வைத்தார்கள். 2022-இல் மே மாதம் ஒரு தடவை, அக்டோபரில் மதன் தத்தா லேனில் இன்னொரு தடவை விரிசல் விட்டது. 2025 ஆகஸ்டு முதல் அந்தச் சுரங்கத்தில் ரயில் ஓடுகிறது, நானும் போகிறேன், சௌகரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்துகளில் தலைமுறை தலைமுறையாக நகைப்பட்டறை வைத்திருந்தவர்களின் பிழைப்பு, வீடு இருக்குமிடத்தை நம்பி இருந்தது. கீழே பட்டறை, மேலே குடும்பம், எதிரே மெருகு போடுபவர், நாலு கதவு தள்ளிக் கல் பதிப்பவர். எல்லோருக்கும் ஊரின் வேறு மூலையில் அடுக்குமாடி வீடு கொடுத்தாலும் இந்தக் கண்ணி திரும்பச் சேராது.

இப்போது எங்கள் பக்கம். லேக் மார்க்கெட், சதர்ன் அவென்யூ, பாலிகஞ்ச் எல்லாம் வடக்குக் கொல்கத்தா மாதிரி பழசில்லை. 1912-இல் செயல்படத் தொடங்கிய கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் தெற்கே சாலைகள் போட்டு, ஏரி வெட்டி, மனை பிரித்து உருவாக்கிய பேட்டைகள். தமிழர்களும் மற்ற தென்னிந்தியர்களும் வந்து குடியேறியது இங்கேதான். இன்றும் காலையில் மார்க்கெட் வாசலில் வாழைப்பூவும் நார்த்தங்காயும் தொடுத்த பூவும் கிடைக்கும். காபிக்கொட்டை அரைக்கும் வாசனை தெருவில் வரும். வீடுகள் பெரும்பாலும் 1930-களிலும் 40-களிலும் கட்டியவை. வளைந்த பால்கனி, மாடிப்படிக்கு மேலே நெட்டுக்குத்தாக ஓடும் கண்ணாடிச் சன்னல், உதயசூரியன் கதிர் வடிவத்தில் இரும்புக் கேட், உள்ளே மழமழவென்று தேய்த்த சிவப்புத் தரை. கட்டியவர் பெயர் தெரியாது. ஏதோ ஒரு வக்கீல், டாக்டர் அல்லது குமாஸ்தா, ஒரு காண்டிராக்டரைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டது. பெரிய மனிதர் யாரும் இங்கே பிறக்கவில்லை. அதனாலேயே இவற்றுக்குப் பாதுகாப்பும் இல்லை.

எழுத்தாளர் அமித் சௌதுரி 2015-இல் இதைத்தான் எடுத்துப் பேசினார். பெயர் தெரியாதவர்கள் கட்டிய இந்தச் சாதாரண வீடுகளே கொல்கத்தாவின் சொத்து என்று அவர் தொடங்கிய இயக்கத்துக்கு அமர்த்தியா சென் உள்பட பலர் ஆதரவு தந்தார்கள். பத்து வருஷம் ஓடிவிட்டது. லாரிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியல் கட்டடங்களைத் தரம் பிரிக்கிறது. முதல் தரத்தில் கை வைக்க முடியாது. மூன்றாம் தரம் என்றால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். மேல் தரத்தில் இருந்ததைக் கீழ்த் தரத்துக்கு இறக்கிப் பிறகு இடித்த கதை, லிட்டில் ரஸ்ஸல் தெருவின் பழைய ஓட்டல் விஷயத்தில் ஊரறிய நடந்தது. பட்டியலில் இல்லாத லட்சம் வீடுகளுக்கு இந்தச் சடங்குகூட கிடையாது.

இடிக்கிறவர்களை நான் திட்டப்போவதில்லை. எங்கள் சந்தில் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் ஏகப்பட்ட பேர். சிலர் பெங்களூரில், சிலர் அமெரிக்காவில். கீழ்த்தளத்து வாடகை ஒரு மாச மின்கட்டணத்துக்குக் காணாது. மிஞ்சி இருப்பவர் எழுபது தாண்டிய ஒரு ‘தாதா’, அதாவது அண்ணன். அவர் என்னிடம் சொன்னார்: “அக்கா, நீங்கள் நின்று அழகு பார்த்துவிட்டுப் போகிறீர்கள். மழைக்காலத்தில் எந்தக் கட்டிலை எங்கே நகர்த்துவது என்று பார்ப்பது நான்தானே?” புரோமோட்டர் வந்து இரண்டு பிளாட்டும் கைக்காசும் தருகிறேன் என்றால் அவர் வேறென்ன செய்வார்? பழைய வீட்டில் இருப்பவருக்குப் பணம் போய்ச் சேராமல் பாரம்பரியம் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

வழி இல்லாமல் இல்லை. மும்பையில் மரைன் டிரைவ் பக்கத்து ஆர்ட் டெகோ குடியிருப்புகளை ஒன்றொன்றாகப் பார்க்காமல் ஒரு தொகுதியாக எடுத்துக் காட்டினார்கள். 2018-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் லேக் மார்க்கெட் வீடுகள் அவற்றுக்குத் தம்பி தங்கைகள். அகமதாபாத்தின் மதில் சூழ்ந்த பழைய நகரம், ‘போல்’ என்னும் சந்துக் குடியிருப்புகளோடு சேர்த்து, 2017-இல் அந்தப் பட்டியலுக்குப் போனது. அங்கே பழைய வீட்டுக்காரர், தாம் உயரக் கட்டாமல் விடும் மாடிகளுக்கான உரிமையை வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்றுக் காசாக்கலாம். புதுச்சேரியில் வைசியாள் வீதியைத் தெருவாகவே எடுத்து, வீடு வீடாகப் பேசிச் செப்பனிட்டார்கள். 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அமெரிக்காவின் தெற்கே சவானா நகரில், பழைய சந்தைக் கட்டடத்தை இடித்து வாகன நிறுத்துமிடம் ஆக்கியதைக் கண்டு கொதித்த ஏழு பெண்கள் 1955-இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். முதலில் ஒரு வீட்டை மீட்டார்கள், பிறகு பேட்டை பேட்டையாக மீட்டார்கள். இன்று அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுப்பவை அந்தப் பேட்டைகள்.

கொல்கத்தாவில் செய்ய வேண்டியதும் இதுதான். பாக்பஜார், பௌபஜாரில் மிஞ்சியிருக்கும் பகுதி, பவானிபூர், லேக் மார்க்கெட் போன்ற பாராக்களின் எல்லையை வரைந்து அறிவிக்க வேண்டும். அதற்குள் உயர வரம்பு வேண்டும், தெருமுகத்தை மாற்றக் கூடாது. உள்ளே சமையலறையையும் குளியலறையையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும், வயசானவருக்கு லிஃப்ட் வேண்டுமென்றால் பின்புறம் வைத்துக்கொள்ளட்டும். சொத்து வரியைக் குறைத்து, கட்டும் உரிமையை விற்க வழிசெய்து, கூரை ஒழுகினால் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க வேண்டும். துர்கா பூஜைக்கு 2021-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது இந்த ஊரே கொண்டாடியது. அந்தப் பூஜையை நடத்துவது பாரா. கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர்கள், ஒரே திண்ணையில் அரட்டை அடித்து வளர்ந்தவர்கள். பந்தலுக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டுத் திண்ணையை விட்டுவிட்டால் நாளைக்கு யார் நடத்துவது?

அரசு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் எங்கள் தெருவில் நாங்கள் சில பேர், தமிழர்களும் வங்காளிகளுமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிறோம். கதவு எண், கட்டிய காலம், சன்னல், கிராதி, தரை, கூரை எந்த நிலையில் இருக்கிறது, யார் குடியிருக்கிறார்கள், எத்தனை பங்காளிகள், வழக்கு இருக்கிறதா என்று எழுதிக்கொள்கிறோம். என் பழைய மாணவிகள் இருவர் படம் எடுக்கிறார்கள். விற்கலாம் என்று யோசிக்கிற வீட்டுக்காரர்களின் பக்கத்தை நோட்டில் முன்னால் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாநகராட்சியில் கொடுக்கும்போது அவர்களிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.