கேஸ் ஷீட்டில் 'கூலி'

"அந்த டாக்டரா? கோட்டாவுல வந்தவராச்சே." தாம்பரத்தில் டீக்கடையில் நின்றுகொண்டு ஒருவர் சொன்னார். ஜெனரல் மெடிசின் எம்.டி. முடித்துவிட்டு வார்டு வார்டாக நடக்கிற ஒரு மருத்துவரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. டாக்டரின் பூர்வீகம் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. நோயாளியின் பூர்வீகத்தை யார் கேட்கிறார்கள்?

பொது மருத்துவரின் கையில் கத்தி இல்லை. பார்க்கணும், தொடணும், விரலால் தட்டணும், குழாய் வைத்துக் கேட்கணும். அதுக்கெல்லாம் முன்னாடி வாயைத் திறந்து விசாரிக்கணும். நோயாளி என்ன தொழில் செய்கிறான் என்று கேட்கச் சொல்லி இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700லேயே புத்தகம் போட்டார்.

எங்க சித்தப்பா திரிசூலம் குவாரியில் கல் உடைத்தவர். இருமல் முற்றி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம், பேர் வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, தொடாமலே, டாக்டர் கேட்டார்: "என்ன வேலை?" "கூலி சார்." அப்படியே எழுதிக்கொண்டார். என்ன கூலி, எத்தனை வருஷம் தூசி தின்றாய்? ஒரு வரி கிடையாது. டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். தவறாமல் சாப்பிட்டார். மூச்சு திரும்பவில்லை. செத்துப்போனார்.

கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். சிலிகோசிஸ் என்பார்கள். எக்ஸ்ரேயில் டி.பி. மாதிரியே ஏமாற்றும், நிஜ டி.பி.யையும் கூட்டிவரும். டி.பி. என்று எழுதினால் பழி கிருமி மேல். சிலிகோசிஸ் என்று எழுதினால்? அன்றிருந்த 1952 சுரங்கச் சட்டப்படி அந்த டாக்டர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். 1923 இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி காசு எடுத்துவைக்க வேண்டும். 'கூலி' என்ற ஒத்தைச் சொல்லால் லாபம் யாருக்கு என்று பாருங்கள்.

திரிசூலத்துக்கும் தாம்பரம் சானடோரியத்துக்கும் நடுவில் ரெண்டே ஸ்டேஷன். (சித்தப்பாவைக் கொண்டுபோனது அங்கே இல்லை.) 1928ல் டேவிட் சௌரி முத்து அதைத் தொடங்கினார், இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜத்துக்கு வைத்தியம் பார்த்தவர். காற்றும் ஓய்வும் நல்ல சோறும்தான் அவர் மருந்து. அதெல்லாம் எந்தச் சாதிக்கு வாய்த்தது என்பது தனிக்கதை. ஆனாலும் மனுஷன் வாழ்கிற விதம் அவர் வைத்தியத்துக்குள் இருந்தது. பிறகு 1956ல் சென்னையில் ஆரம்பித்த ஆய்வு, நெரிசலான ஏழை வீட்டில் இருந்தபடியே மாத்திரை தின்றாலும் டி.பி. குணமாகும் என்று 1959ல் காட்டியது. நல்லதுதான், அதனால் சேரியில் எத்தனையோ உயிர் பிழைத்தது. வீட்டையும் வேலையையும் கேட்கவே வேண்டாம் என்பதற்கும் அதையே சாக்காக்கிக்கொண்டார்கள். மற்ற ஆஸ்பத்திரிகள் விரட்டிய எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு 1993லிருந்து படுக்கை கொடுத்ததும் இதே சானடோரியம்தான். ஆக, தொட மனசிருந்தால் முடிகிறது.

டாக்டராகிவிட்ட நம்ம பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். கோட்டா என்ற ஏச்சுக்கு அஞ்சி ஊர் பேரை மறைக்கிறாய், புரிகிறது. ஆனால் உன் அப்பன் கூலி என்றால் என்ன கூலி என்று உனக்குத் தெரியும். நீயும் 'கூலி' என்றே எழுதலாமா? பம்மல் குவாரியா, நாகல்கேணி தோல் கம்பெனியா, சாக்கடையா, எத்தனை வருஷம் என்று கேட்டு எழுது.